கார்த்திகைப் பெண்கள் பெயரில் ஒரு கார்!

பட்டு நெய்யும் சீமையில் பிறந்தது. கம்பெனி போன பிறகும் ஓடுகிறது

முருகனை வளர்த்த கார்த்திகைப் பெண்கள் ஆறு பேர். அவர்கள்தான் வானத்தில் நட்சத்திரக் கூட்டமாக நிற்கிறார்கள் என்று பாட்டிமார் கதை சொல்வார்கள்.

அதே நட்சத்திரக் கூட்டத்துக்கு ஜப்பானியர் வைத்திருக்கும் பெயர் என்ன தெரியுமா?

"சுபாரு!"

அந்தப் பெயரில் ஜப்பானில் ஒரு மோட்டார் கார் தயாராகிறது. காரின் முகப்பில் ஆறு நட்சத்திரங்கள் மின்னும். ஒன்று பெரியது. மற்ற ஐந்தும் சிறியவை. 1953-ம் ஆண்டில் ஐந்து கம்பெனிகள் கூடி ஒரு புதிய கம்பெனியைத் தொடங்கின. ஐந்தும் ஒன்றானதைக் குறிப்பதுதான் இந்த முத்திரை.

நம் நாட்டிலும் இந்தக் காரை வைத்திருப்பவர்கள் உண்டு. ஆனால் அவர்கள் பாடு லேசானது அல்ல. காரை விற்ற கம்பெனி இந்தியச் சந்தையை விட்டே போய்விட்டது! உதிரி பாகம் பக்கத்துக் கடையில் கிடைக்காது. அப்படி இருந்தும் சிலர் காரை விடவில்லை. தாங்களே ஸ்பேனர் பிடித்து, பாகங்களைத் தேடிப்பிடித்து, ஓட்டிக்கொண்டு இருக்கிறார்கள்.

எப்படி முடிகிறது? இதற்கு விடை ஆரணியில் தறி வைத்திருப்பவர்களுக்கு ஏற்கனவே தெரியும்!

தறி பெற்ற பிள்ளை

ஆரணி என்றால் பட்டு. பட்டு என்றால் ஆரணி. திருவண்ணாமலை மாவட்டத்தில் உள்ள இந்த ஊரின் பட்டுப் புடவை புவிசார் குறியீடு பெற்றது.

சுபாரு காரும் பட்டுச் சீமையில்தான் பிறந்தது.

ஜப்பானில் குன்மா என்று ஒரு மாகாணம் இருக்கிறது. அங்கே தோமியோகா என்ற ஊரில் 1872-ம் ஆண்டில் ஜப்பான் அரசாங்கம் ஒரு பெரிய ஆலையைக் கட்டியது. பட்டுக்கூட்டில் இருந்து நூல் எடுக்கும் ஆலை அது. 2014-ம் ஆண்டில் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

அதே குன்மாவில் கிரியூ என்ற ஊர் இருக்கிறது. நமக்கு ஆரணி எப்படியோ, ஜப்பானியருக்கு கிரியூ அப்படி. பட்டு நெசவுக்குப் பேர் போனது. கிரியூவுக்குப் பக்கத்து ஊர் ஓட்டா. அங்கேதான் சுபாரு தொழிற்சாலை இருக்கிறது. தொழிற்சாலை இருக்கும் பேட்டைக்கே "சுபாரு பேட்டை" என்று பொருள்படும் பெயரை வைத்துவிட்டார்கள்!

இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஜப்பானின் பெரிய கார் கம்பெனிகள் இரண்டு, தறி செய்யும் பட்டறையில் இருந்து வளர்ந்தவை.

சுசூகி 1909-ம் ஆண்டில் தறி செய்யத் தொடங்கியது. நம் தெருக்களில் ஓடும் மாருதி சுசூகி காரின் பூர்வீகம் அதுதான்.

டொயோட்டாவும் அப்படியே. சாக்கிச்சி டொயோடா என்பவர் 1924-ம் ஆண்டில் ஒரு தானியங்கித் தறியைச் செய்து முடித்தார். தறி ஓடும்போதே அதில் நாடா மாறிக்கொள்ளும். அவருடைய மகன் கார் தொழிலில் இறங்கினார். இன்று சுபாரு கம்பெனியின் பங்குகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று டொயோட்டாவிடம் இருக்கிறது.

ஆகவே, தறியும் காரும் அன்னியர் அல்ல. ஒரே வீட்டுப் பிள்ளைகள்!

விமானச் சக்கரத்தில் ஸ்கூட்டர்

சுபாரு கம்பெனியின் முன்னோர் செய்தது கார் அல்ல. விமானம்!

1917-ம் ஆண்டில் ஓட்டா பகுதியில் நக்காஜிமா என்பவர் விமானம் செய்யத் தொடங்கினார். இரண்டாவது உலகப் போரில் அந்தக் கம்பெனி போர் விமானங்களைச் செய்து குவித்தது. 1945-ம் ஆண்டில் ஜப்பான் தோற்றது. விமானம் செய்யத் தடை வந்துவிட்டது.

ஆயிரக்கணக்கான தொழிலாளிகள் என்ன செய்வார்கள்? குண்டு வீசும் விமானத்தின் வால் சக்கரங்கள் கிடங்கில் மிச்சம் இருந்தன. அவற்றை எடுத்து மாட்டி 1946-ம் ஆண்டில் ஸ்கூட்டர் செய்தார்கள். "ராபிட்" என்று அதற்குப் பெயர். ராபிட் என்றால் முயல்.

1958-ம் ஆண்டில் முதல் சுபாரு கார் வெளிவந்தது. அதன் பெயர் "சுபாரு 360". பார்ப்பதற்குப் பொறிவண்டு போல இருக்கும். ஜப்பானியரும் அதைப் பொறிவண்டு என்றே செல்லமாக அழைத்தார்கள். எடை 385 கிலோதான்! என்ஜின் பின்னால் இருக்கும். நம் மோட்டார் சைக்கிள் என்ஜின் அளவுதான். ஆனாலும் நாலு பேர் உட்காரலாம்.

அந்தப் பொறிவண்டு 1968-ம் ஆண்டில் அமெரிக்காவுக்குப் போனது. அங்கே பெரிய பெரிய கார்கள் ஓடும் சாலையில் அது திணறியது. "இதை ஏற்க முடியாது" என்று ஒரு நுகர்வோர் பத்திரிகை 1969-ம் ஆண்டில் கைவிரித்துவிட்டது.

கம்பெனி சோர்ந்துவிடவில்லை. அடுத்து வந்த கார்கள் அமெரிக்காவில் வேரூன்றின. அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த ரீகனின் கலிபோர்னியா பண்ணை வீட்டில் ஓடியது எந்த வண்டி தெரியுமா? 1978-ம் ஆண்டு சுபாரு!

படுத்திருக்கும் என்ஜின்

சுபாரு காரை மற்ற கார்களில் இருந்து பிரித்துக் காட்டுவது அதன் என்ஜின்.

சாதாரணக் காரில் பிஸ்டன்கள் மேலும் கீழுமாக ஓடும். சுபாருவில் என்ஜின் படுத்திருக்கும்! இடப்பக்கம் இரண்டு பிஸ்டன், வலப்பக்கம் இரண்டு பிஸ்டன். குத்துச்சண்டைக்காரர் இருவர் எதிரெதிரே நின்று கை நீட்டி மடக்குவது போல அவை ஓடும். அதனால் இதற்கு "பாக்ஸர் என்ஜின்" என்று பெயர். சுபாருவில் இது 1966-ம் ஆண்டில் வந்தது.

இதனால் என்ன லாபம்? என்ஜின் பாரம் தரையை ஒட்டி இருக்கும். வளைவில் கார் அதிகம் சாயாது. அதிர்வும் குறைவு.

அடுத்த சிறப்பு, நாலு சக்கரத்துக்கும் போகும் சக்தி. இதற்கு ஒரு கதை உண்டு. ஜப்பானின் வடக்குப் பகுதியில் பனி கொட்டும். மின்கம்பிகளைப் பழுது பார்க்கப் போகும் ஊழியர்களின் வண்டி பனியில் சிக்கிக்கொள்ளும். "பனியில் ஏறும் வண்டி ஒன்று செய்து கொடுங்கள்" என்று மின்சாரக் கம்பெனி கேட்டது. அந்த முயற்சியின் பலனாக 1972-ம் ஆண்டில் நாலு சக்கர இழுவை கொண்ட சுபாரு வெளிவந்தது.

1989-ம் ஆண்டில் ஒரு பெரிய சோதனை நடத்தினார்கள். அமெரிக்காவின் அரிசோனா பாலைவனத்தில் சுபாரு கார் இரவு பகலாக ஓடியது. ஓட்டுநர்கள் மாறி மாறி உட்கார்ந்தார்கள். 1 லட்சம் கிலோமீட்டரை 19 நாளுக்குள் கடந்தது. சராசரி வேகம் மணிக்கு 223 கிலோமீட்டர்!

வேறு பெயரில் இந்தியாவுக்கு வந்தது

சுபாரு கம்பெனி தன் சொந்தப் பெயரில் இந்தியாவில் கடை விரித்தது இல்லை. ஆனால் அதன் கார் வந்தது. எப்படி?

அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி அப்போது சுபாரு கம்பெனியில் 20 சதவீதப் பங்கு வைத்திருந்தது. 2003-ம் ஆண்டில் அது "செவ்ரோலெட்" என்ற பெயரை இந்தியாவில் மீண்டும் இறக்கியது. அந்தப் பெயரில் விற்கப்பட்ட கார்களில் ஒன்று "பாரஸ்டர்". முகப்பில் செவ்ரோலெட் முத்திரை. உள்ளே இருப்பதெல்லாம் சுபாரு! ஜப்பானில் முழுதாகச் செய்யப்பட்டு, கப்பலில் வந்து இறங்கியது.

விலை அதிகம். வாங்கியவர்கள் குறைவு. 2005-ம் ஆண்டில் ஜெனரல் மோட்டார்ஸ் தன் பங்குகளை விற்றுவிட்டது. அதன் பின் இந்தியாவில் பாரஸ்டர் விற்பனையும் முடிவுக்கு வந்தது. 2017-ம் ஆண்டின் முடிவோடு ஜெனரல் மோட்டார்ஸ் இந்தியாவில் எந்தக் காரையும் விற்பதில்லை என்று நிறுத்திக்கொண்டது.

பாரஸ்டர் வாங்கியவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். பெற்றவள் ஜப்பானில். வளர்த்தவள் அமெரிக்காவுக்குப் போய்விட்டாள். பிள்ளை இங்கே!

கை கொடுத்தது எது தெரியுமா? சேசிஸ் எண்!

சேசிஸ் எண்தான் காரின் ஜாதகம். அதைக் கொண்டு ஒவ்வொரு பாகத்துக்கும் உரிய எண்ணைக் கண்டுபிடிக்கலாம். பாரஸ்டர் கார் ஜப்பான், ஆஸ்திரேலியா, இங்கிலாந்து முதலிய நாடுகளில் ஏராளமாக விற்றது. அங்கேயும் நம்மைப் போல வலப்பக்க ஸ்டீரிங்தான். ஆகவே பாகத்தின் எண் தெரிந்தால் போதும். அதை வெளிநாட்டில் இருந்து வரவழைக்கலாம்.

ஆனால் வந்து சேர நாள் ஆகும். கார் நின்ற பிறகு தேடினால் வாரக்கணக்கில் கார் ஷெட்டில்தான். ஆகவே பழைய சுபாரு வைத்திருப்பவர்களின் முதல் விதி இதுதான்: "கெட்ட பிறகு தேடாதே. கெடும் முன் வாங்கி வை!"

தறி சொல்லும் பாடம்

இந்த விதி நெசவாளிக்குப் புதிது அல்ல. பட்டுத் தறியில் ஆயிரக்கணக்கான பாவு இழைகள். மேலே ஜக்கார்டு பெட்டி. அதில் ஒரு கொக்கி வளைந்தால் போதும். புடவை முழுவதும் பூ பிசகிவிடும். அதனால் நெசவாளி தினமும் தறியைத் தடவிப் பார்க்கிறார். இழை அறுந்த உடனே முடிச்சுப் போடுகிறார். புடவை முடியட்டும் என்று காத்திருப்பது இல்லை.

பழைய காருக்கும் இதே கவனிப்புதான் வேண்டும். முக்கியமான இடங்கள் நாலு.

1. டைமிங் பெல்ட்

தறியில் மிதியை மிதித்தால் பாவு இரண்டாகப் பிரியும். அந்த இடைவெளியில் நாடா பாய்ந்து போகும். நாடா உள்ளே இருக்கும்போது பாவு மூடிக்கொண்டால் என்ன ஆகும்? இழைகள் அறுந்து போகும்!

கார் என்ஜினிலும் இப்படித்தான். வால்வு திறக்கும் நேரமும், பிஸ்டன் ஏறும் நேரமும் ஒத்துப்போக வேண்டும். அந்த நேரத்தைக் காப்பது டைமிங் பெல்ட் என்ற ரப்பர் பட்டை. அது அறுந்தால், இந்த ரக என்ஜின்களில் பெரும்பாலானவற்றில் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். என்ஜினையே பிரிக்க வேண்டி வரும்.

சுமார் 1 லட்சம் கிலோமீட்டருக்கு ஒரு முறை பெல்ட்டை மாற்றுவது நல்லது. கார் ஓடாமல் நின்றாலும் ரப்பருக்கு வயது ஆகும் என்பதை மறக்கக் கூடாது. பெல்ட்டோடு அதன் உருளைகளையும் தண்ணீர் பம்பையும் மாற்றிவிட வேண்டும். இந்த என்ஜினில் பம்பைச் சுற்றுவதும் அதே பெல்ட்தான். பம்பு இறுகினால் புதுப் பெல்ட்டும் அறுந்துபோகும்.

2. ஹெட் கேஸ்கட்

என்ஜினின் உடலுக்கும் தலைக்கும் நடுவே ஒரு தகடு இருக்கிறது. அதுதான் ஹெட் கேஸ்கட். எண்ணெயும் தண்ணீரும் கலக்காமல் காப்பது அதன் வேலை. சுபாரு என்ஜினுக்கு இரண்டு தலை. ஆகவே கேஸ்கட்டும் இரண்டு.

பழைய 2.5 லிட்டர் சுபாரு என்ஜின்களில் இந்தக் கேஸ்கட் கசிவது உலகம் அறிந்த குறை. இந்தியாவுக்கு வந்த பாரஸ்டரில் இருப்பது 2 லிட்டர் என்ஜின். ஆனாலும் ஆரணி வெயிலில் அலட்சியம் கூடாது.

அறிகுறிகள் என்ன? குளிர்விக்கும் தண்ணீர் அடிக்கடி குறையும். தண்ணீர் டப்பாவில் குமிழி வரும். சூட்டைக் காட்டும் முள் ஏறும்.

முள் ஏறினால் உடனே ஓரம் கட்டி என்ஜினை நிறுத்த வேண்டும். "இன்னும் ரெண்டு மைல்தானே, வீட்டுக்குப் போய்விடலாம்" என்று ஓட்டினால் ரேடியேட்டரில் முடிய வேண்டிய செலவு என்ஜின் தலையில் வந்து விழும். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. கொதிநீர் முகத்தில் அடிக்கும்!

3. நாலு டயர்

நாலு சக்கர இழுவை கொண்ட காரில் நாலு டயரும் ஒரே அளவு, ஒரே ரகம், ஒரே தேய்மானமாக இருக்க வேண்டும். இரண்டு புதிது, இரண்டு பழசு என்று போட்டால் சக்கரங்கள் வெவ்வேறு வேகத்தில் சுற்றும். நடுவே உள்ள இணைப்புப் பெட்டி ஓயாமல் உராய்ந்து சூடேறிக் கெட்டுவிடும்.

ஸ்டீரிங்கை முழுதாகத் திருப்பி, மெதுவாக வட்டம் அடித்துப் பாருங்கள். யாரோ பின்னால் பிடித்து இழுப்பது போலக் கார் குலுங்கினால், அந்தப் பெட்டி கெட்டிருக்கலாம்.

வழியில் கார் நின்றுவிட்டால் இரண்டு சக்கரத்தைத் தூக்கி, இரண்டு சக்கரத்தைத் தரையில் உருளவிட்டு இழுக்கக் கூடாது. நாலு சக்கரமும் தரையில் படாதபடி லாரியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும்.

4. எண்ணெயும் பெட்ரோலும்

என்ஜின் எண்ணெயை வாரம் ஒரு முறை அளவுகோலை உருவிப் பாருங்கள். சமதளத்தில் கார் நிற்க வேண்டும். என்ஜின் ஆறியிருக்க வேண்டும். பழைய என்ஜின் கொஞ்சம் எண்ணெய் குடிக்கும். குடிப்பது குற்றம் அல்ல. குறைந்தது தெரியாமல் ஓட்டுவதுதான் குற்றம்.

20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் 2025-ம் ஆண்டில் நாடு முழுவதும் பரவிவிட்டது. இருபது வருஷத்துக்கு முந்திய காரின் ரப்பர் குழாய்கள் அதை எண்ணிச் செய்யப்பட்டவை அல்ல. எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஆகவே குழாய்களில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். மாதக்கணக்கில் டாங்கியில் பெட்ரோலைத் தேக்கி வைக்கக் கூடாது. பெட்ரோல் வாடை அடித்தால் காரை ஓட்ட வேண்டாம். தீப்பிடிக்கும் அபாயம் உண்டு.

சின்ன ஊரில் முடியுமா?

"சென்னை போன்ற பட்டணத்தில் இருந்தால் சரி. ஆரணியில் இதெல்லாம் நடக்கிற காரியமா?" என்று கேட்கலாம்.

நடக்கும்! சுபாரு காரில் எல்லாமே சுபாரு அல்ல. பாட்டரி, பல்பு, எண்ணெய், குளிர்விக்கும் திரவம் முதலியவை எங்கும் கிடைப்பவைதான். ரேடியேட்டர் அடைப்பு எடுக்க, ரப்பர் குழாய் மாற்ற, லேத்தில் கடைந்து வாங்க நம் பக்கத்துக் கைத்தொழில்காரர்கள் போதும். மற்ற வேலைகளுக்கு சுமார் 40 கிலோமீட்டரில் வேலூர் இருக்கிறது. சுமார் 140 கிலோமீட்டரில் சென்னை.

வெளியில் இருந்து வரவழைக்க வேண்டியவை சில பாகங்கள்தான். டைமிங் பெல்ட் தொகுதி, கேஸ்கட், கிளட்ச், பிரேக் பாகங்கள். இவற்றை முன்கூட்டியே வாங்கி ஒரு பெட்டியில் வைத்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது.

மெக்கானிக்குக்கு சுபாரு புதிதாக இருக்கலாம். அந்தக் காருக்கு உரிய பழுதுபார்க்கும் புத்தகத்தை அவர் முன்னால் வைக்க வேண்டும். "எனக்குத் தெரியும்" என்பவரைவிட, "காட்டுங்கள், பார்க்கிறேன்" என்பவரே நல்ல மெக்கானிக்!

ஒரு நோட்டுப் புத்தகமும் வேண்டும். எந்தத் தேதியில், எத்தனை கிலோமீட்டரில், என்ன பாகம் மாற்றியது, என்ன செலவு என்று எழுதி வர வேண்டும். அடுத்து எது தேயும் என்று அந்த நோட்டே சொல்லிவிடும்.

ஞாயிறு தோறும் அப்பா காரைத் துடைக்கும்போது பிள்ளைகளையும் கூப்பிட்டுக் காட்டலாம். டயரில் காற்றுப் பார்ப்பது, எண்ணெய் அளவு பார்ப்பது முதலியவற்றைப் பெண் பிள்ளைகளும் ஆண் பிள்ளைகளும் ஒரே நாளில் கற்றுக்கொள்வார்கள்.

ஆனால் ஒரு எச்சரிக்கை! ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் படுக்கக் கூடாது. ஜாக்கி நழுவினால் உயிர் போய்விடும். உறுதியான ஸ்டாண்டு கொடுத்த பிறகே அடியில் போக வேண்டும். குழந்தைகளை அந்தப் பக்கமே விடக் கூடாது.

வாங்கும் முன் யோசியுங்கள்!

"பழைய கார்தானே, மலிவாகக் கிடைக்கிறது" என்று ஆசைப்பட்டு வாங்கிவிட்டுப் பின்னால் தவிப்பவர்கள் உண்டு. யானையை வாங்குவது எளிது. தீனி போடுவதுதான் கடினம்.

முதலில் சட்டம். சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டுக்குச் செல்லும். பிறகு ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022-ம் ஆண்டு ஏப்ரல் முதல் 5 ஆயிரம் ரூபாய் ஆனது. 20 ஆண்டைத் தாண்டிய காருக்கு 2025-ம் ஆண்டில் 10 ஆயிரம் ரூபாய் ஆக்கப்பட்டது.

இறக்குமதிக் கார் என்று பதிவாகி இருந்தால் கட்டணம் இன்னும் பல மடங்கு. 2022-ல் 40 ஆயிரம். 20 ஆண்டைத் தாண்டியதற்கு 2025-ல் 80 ஆயிரம்! பாரஸ்டர் ஜப்பானில் செய்து வந்த கார். ஆகவே பதிவுப் புத்தகத்தில் எப்படி எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் நேரில் விசாரித்துவிடுவது நல்லது.

அடுத்து கார். காலையில், என்ஜின் குளிர்ந்திருக்கும்போது போய்ப் பார்க்க வேண்டும். விற்பவர் முன்கூட்டியே ஓட்டிச் சூடேற்றி வைத்திருந்தால், வேறு ஒரு நாள் வருவதாகச் சொல்லுங்கள். சேசிஸ் எண் பதிவுப் புத்தகத்தோடு ஒத்துப்போகிறதா? டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது? ரசீது இருக்கிறதா? ரசீது இல்லை என்றால் பெல்ட் மாற்றவே இல்லை என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.

வீட்டில் ஒரே ஒரு கார்தான் இருக்க முடியும் என்றால், அது பழைய சுபாருவாக இருக்க வேண்டாம். ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய நேரத்தில் ஜப்பானில் இருந்து பாகம் வரும் என்று காத்திருக்க முடியாது அல்லவா? இது பொழுதுபோக்குக் கார். வீட்டுச் செலவு போக மிஞ்சிய பணத்தில்தான் இதற்குச் செலவு செய்ய வேண்டும்.

கடன் வாங்கிப் பழைய காரை ஓட்டுவதும் கூடாது. அடித்தளத் தகடு துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தால் அந்தக் காரை விட்டுவிடுவதே நல்லது. அப்படி விடும் காரும் வீண் அல்ல. அதன் கதவு, கண்ணாடி, கியர் பெட்டி எல்லாம் இன்னொரு காரை வாழ வைக்கும். முறைப்படி பதிவை ரத்து செய்துவிட்டுக் கொடுக்க வேண்டும்.

நம் ஊர்க் கார்களும் உண்டு

இந்தப் பொழுதுபோக்கு சுபாருவோடு முடிவது அல்ல. 1961-ம் ஆண்டு முதல் சென்னைக்கு அருகே தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரை இன்றும் சிலர் பேணி வருகிறார்கள். அம்பாசிடர் கார் தயாரிப்பு 2014-ம் ஆண்டில் நின்றது. அதற்கும் அபிமானிகள் குறைவில்லை. கோவையில் ஜி.டி. நாயுடு பெயரால் அமைந்த கார் அருங்காட்சியகத்தில் பல நாட்டுப் பழைய கார்களைக் குடும்பத்தோடு பார்க்கலாம்.

50 ஆண்டைத் தாண்டிய கார்களுக்கு 2021-ம் ஆண்டில் மத்திய அரசு தனி விதி செய்தது. "வி.ஏ." என்ற எழுத்தோடு தனி நம்பர் தருகிறார்கள். பதிவுக் கட்டணம் 20 ஆயிரம் ரூபாய். ஆனால் அப்படிப் பதிவு செய்த காரைத் தினசரி வேலைக்கு ஓட்டக் கூடாது. கண்காட்சி, ஊர்வலம் போன்றவற்றுக்குத்தான்.

இந்தியாவுக்கு வந்த பாரஸ்டர் கார்கள் அந்த வயதை எட்ட இன்னும் கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகும். அதுவரை அவற்றைக் காப்பாற்ற ஜப்பானில் இருந்தோ அமெரிக்காவில் இருந்தோ யாரும் வரப்போவதில்லை. வைத்திருப்பவரின் கையில்தான் இருக்கிறது.

பெல்ட்டைக் காலத்தில் மாற்றுங்கள். தண்ணீரையும் எண்ணெயையும் வாரம் தவறாமல் பாருங்கள். நாலு டயரையும் சேர்த்தே மாற்றுங்கள். செலவை எழுதி வையுங்கள். அறுந்த இழையை அன்றைக்கே முடிந்துவிடும் நெசவாளிக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை!